உன் படகின் சக்கரமும் என் பெல்ட்டும்

மச்சான்,

இன்று காலை ராகி அரைக்க மில்லுக்குப் போயிருந்தேன். பெரிய பெல்ட் வழுக்கி, ரப்பர் கருகும் நாற்றம் கிளம்பியது. வரிசையில் நின்றவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டார்கள். ஒருவன் மட்டும் என்னைத் திரும்பிப் பார்த்தான். "என்னா மெக்கானிக்கண்ணே, இது உங்க பெல்ட்டாட்டம் இருக்குது! நம்ம மாவைக் கொண்டு போயி கடலூர் மணல்ல கொட்டிடப் போவுது." வரிசையே சிரித்தது. நானும் பல்லைக் காட்டி வைத்தேன். நீ போய் ஒரு வருடம் ஆகிறது. அந்தக் கேலிக்கு மட்டும் சாவு வரவில்லை.

அதனால்தான் எழுத உட்கார்ந்தேன். எட்டாம் வகுப்பைப் பாதியில் விட்டவன் எழுத்து, பிழை இருக்கும், பொறுத்துக்கொள். ஆனால் பொம்மிடியிலிருந்து அரூர் வரை போர்வெல் மோட்டாருக்குச் செம்புக் கம்பி சுற்றி காயில் கட்ட எனக்கு மேல் ஆள் கிடையாது என்பது உனக்கே தெரியும். தீர்த்தமலைப் பக்கம் மூன்று இன்ஜினியர்கள் கைவிட்ட மோட்டார், நான் ஒரு தட்டுத் தட்டியதும் ஓடியது. சரி, ஒரு இன்ஜினியர்தான். ஓடியது உண்மை.

நீ வாழ்நாளெல்லாம் கப்பல் இன்ஜின் அறையில் ஆயில் போட்டவன். வேலை முடிந்து ஊர் திரும்புகிறவன் மாடி கட்டுவான், தென்னந்தோப்பு வாங்குவான். நீ பாண்டிச்சேரியில் யாரோ வெள்ளைக்காரன் விட்டுப்போன பழைய பாய்மரப் படகை வாங்கினாய். உன் மனைவி, எனக்குத் தங்கச்சி முறை, என் பட்டறைக்கே வந்து தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டாள். "அண்ணே, வூட்டுக்குத் தண்ணியே லாரியில வருது. இந்த மனுசன் படகு வாங்கியிருக்காருங்கண்ணே!"

காரணம் எனக்கு மட்டும்தான் முதலில் சொன்னாய். நடுக்கடலில் புயலில் மாட்டிய ஒரு ராத்திரி, பிழைத்தால் சொந்தப் படகில் வேளாங்கண்ணிக்கு வருகிறேன் என்று மாதாவுக்கு நேர்ந்துகொண்டாயாம். படகு கிடைத்துவிட்டது. தோள்பட்டை போய்விட்டது.

"மணிக்கணக்கா சக்கரத்தைப் புடிச்சிக்கிட்டு நிக்க முடியாது மெக்கானிக்கு. தானா திருப்புற மிஷினு வெளிநாட்டுல விக்கிறான். நம்மால பண்ண முடியுமா?"

"முடியுமான்னு கேக்காத. எப்ப வேணும்னு கேளு" என்றேன். அன்று வரை நான் கடலைப் பார்த்தது ஒரே ஒரு முறை, அதுவும் பஸ் ஜன்னல் வழியாக.

லாரி வைப்பர் மோட்டார் ஒன்றை எடுத்தேன். படகின் சுக்கான் சக்கரம் அளவுக்குப் பிளைவுட்டில் வளையம் அறுத்து, சக்கரத்தின் கம்பிகளோடு கிளாம்ப் போட்டு இறுக்கினேன். வளையத்தையும் மோட்டார் புல்லியையும் சுற்றி, கார் இன்ஜினில் போடுகிற பல் வைத்த பெல்ட். திசை பார்க்கும் எலக்ட்ரானிக் பலகையை நீ சென்னையிலிருந்து வாங்கி வந்தாய். படகு இடப்பக்கம் விலகினால் பலகை மோட்டாருக்குச் சொல்லும். மோட்டார் பெல்ட்டை இழுக்கும். பெல்ட் சக்கரத்தை வலப்பக்கம் திருப்பும். கேட்க எளிது. பாரம் ஏறியதும் பெல்ட் பல்லுக்குப் பல் தாவியது. பழைய பேரிங் ஒன்றை பெல்ட்டின் முதுகில் அழுத்தி நிற்கிற மாதிரி வைத்து, பைக் ஸ்டாண்டு ஸ்பிரிங்கை மாட்டினேன். அதற்குப் பிறகு ஒரு பல் தாவியதா? நீயே சொல். நீதான் சொல்லியிருக்க வேண்டும்.

ஊரில் கடல் இல்லாததால் உன் டிராக்டரிலேயே சோதித்தோம். ஸ்டீயரிங்குக்கு வளையம், பக்கத்தில் மோட்டார். இரும்பு பக்கத்தில் இருந்தால் திசைப்பலகைக்குப் பித்துப் பிடிக்கும் என்று அதை மட்டும் மூங்கில் கழி நுனியில் உயரக் கட்டினேன். "படகுலயும் இதே கதைதான். பலகை இருக்குற பெட்டிகிட்ட கத்தி, ஸ்பேனர் எதுவும் வைக்காத" என்று படித்துப் படித்துச் சொன்னேன். கையை மடியில் வைத்துக்கொண்டு நீ சீட்டில் உட்கார்ந்திருந்தாய். சேர்வராயன் மலையைப் பார்த்து நூல் பிடித்த மாதிரி போனது டிராக்டர். ஆயிரம் பேர் பார்த்தார்கள். ஐம்பதுக்குக் குறையாது. ஆட்டுக்காரர் ஒருவர் "பேய் ஓட்டுதுடா!" என்று ஆடுகளை விட்டுவிட்டே ஓடினார்.

பாண்டிச்சேரியில் மாட்டிக் கொடுத்ததும் நான்தான். துறைமுகத்துக்குள் இரண்டு சுற்று, கன்றுக்குட்டி மாதிரிச் சொன்னபடி கேட்டது. மறுநாள் பயணம். நான் வேட்டி, துண்டு எல்லாம் மடித்து வைத்திருந்தேன். நீ என் முகத்தைப் பார்க்காமல் சொன்னாய், "மச்சானுங்க ரெண்டு பேரும் வர்றாங்க, மெக்கானிக்கு. எடம் பத்தாது. அடுத்த தபா பாத்துக்கலாம்." தங்கச்சியின் அண்ணன் தம்பிக்கு இடம் இருந்தது. சரி, சொந்தம் அது. பஸ் பிடித்து ஊர் வந்து சேர்ந்தேன்.

அடுத்த நாள் சாயங்காலமே சேதி வந்துவிட்டது. கடலூருக்குத் தெற்கே படகு மணல் திட்டில் ஏறி, சுக்கான் முறிந்து, மீனவர்கள் கயிறு கட்டி இழுத்துக் காப்பாற்றினார்களாம். மூவரும் கீழே உட்கார்ந்து புளிசாதம் தின்கிற நேரத்தில், படகு கமுக்கமாகக் கரைப்பக்கம் சாய்ந்து போயிருக்கிறது. டீக்கடையில் உன் மச்சான்கள் வைத்த தீர்ப்பு ஒரே வரி: "மெக்கானிக்கு பெல்ட்டு கழுத்தறுத்துடுச்சு."

என்னால் நம்ப முடியவில்லை. உன்னையும் கூட்டிக்கொண்டு படகைப் பார்க்கப் போனேன். பெல்ட் அப்படியே இருந்தது. மோட்டார் ஓடியது. திசைப்பெட்டியின் மேல் மாதா சுரூபம் நின்றது, உன் கார் டேஷ்போர்டில் எப்போதும் இருக்குமே, அது. எடுத்தேன். கொஞ்சம் இழுத்துத்தான் வந்தது. அடியில் காந்தம். சுரூபத்தை எடுத்ததும் பலகையில் திசை மாறியது. வைத்ததும் பழையபடி கோணியது. எடுத்தேன், வைத்தேன். நீ பார்த்துக்கொண்டே நின்றாய்.

மிஷினை ஓடவிட்ட பிறகுதான் வைத்தாயாம், ஜெபம் சொல்லி. கத்தி வைக்கவில்லை, ஸ்பேனர் வைக்கவில்லை. மாதா காலடியில் காந்தம் இருக்கும் என்று உனக்கு எப்படித் தோன்றும்? எனக்கே தோன்றியிருக்காது. அதில் எனக்கு வருத்தம் இல்லை. அதன் பிறகு நீ பேசியதில்தான்.

"மாதாவ வெச்சதாலதான் வழி தப்புச்சுன்னு ஊருல எப்பிடி சொல்றது? நேந்துக்கிட்ட பயணம்பா இது. உன் பெல்ட்டுன்னே இருந்துட்டுப் போவட்டும். உனக்கு வாய் இருக்குது, சமாளிச்சுக்குவ."

"நான் சொன்னா எவன் நம்புவான்? நீ சொன்னாத்தான் நம்புவாங்க."

"மாதா திருவிழா முடியட்டும். நானே சொல்றேன்."

உன் வாய்ச் சொல்லுக்கு ஊரில் இருந்த மதிப்பு எனக்குத் தெரியும். என் வாய்ச் சொல்லுக்கு இருக்கும் மதிப்பும் தெரியும். ஒரு கிணற்றை ஒன்பதாக்கிச் சொல்பவன் நான். வாழ்க்கையில் ஒரு தடவை உள்ளதை உள்ளபடி சொன்னால் ஊர் கைதட்டிச் சிரிக்கும். சொல்லிப் பார்த்தேன், சிரித்தது. "மாதா மேலயே பழி போடுறியாய்யா?" என்று ஒரு பெரியவர் அடிக்கவே வந்தார். மோட்டார் கொண்டு வருகிறவன், "தண்ணி மேல வருமா, பக்கத்துக் காட்டுக்குப் போயிடுமா?" என்று கேட்டுவிட்டுத்தான் இறக்குவான். பாதிப்பேர் இறக்குவதே இல்லை. திருவிழா முடிந்தது. கிறிஸ்துமஸ் முடிந்தது. என்னைக் கண்டால் நீ வேறு தெருவில் திரும்ப ஆரம்பித்தாய். அப்புறம் நெஞ்சு வலி என்றார்கள், சேலத்துக்குக் கொண்டுபோகிற வழியிலேயே முடிந்துவிட்டது என்றார்கள்.

போன வாரம் உன் வருட நினைவுப் பூசை. சாப்பாட்டுப் பந்தியில் தங்கச்சி என் பக்கத்தில் வந்து நின்றாள். கையில் அந்தச் சுரூபம். படகை விற்றபோது இதை மட்டும் கேட்டு வாங்கிக்கொண்டாளாம். "கடல்ல அவுரு உசுரக் காப்பாத்தினது இந்தத் தாயிதாங்கண்ணே. நீங்களே சொல்லுங்க, அன்னிக்கு மிஷினு ஏன் கெட்டுச்சு?"

எதிர் வரிசையில் உன் மச்சான்கள் சோற்றைப் பிசைவதை நிறுத்திவிட்டு என் வாயைப் பார்த்தார்கள். தங்கச்சியின் கட்டை விரல் சுரூபத்தின் பாதத்தைத் தடவிக்கொண்டே இருந்தது.

"பெல்ட்டு வழுக்கிடுச்சும்மா" என்றேன்.

"பாத்தியா, இத்தினி நாளு கழிச்சு அவரு வாயாலயே ஒத்துக்கிட்டாரு" என்றான் மச்சான்களில் பெரியவன். அது ஊர் முழுக்கப் பரவி, இன்று மில் வரைக்கும் வந்து சேர்ந்திருக்கிறது.

உனக்காகச் சொன்னேன் என்று நினைத்துக்கொள்ளாதே. மில்லிலிருந்து நேராக உன் கல்லறைக்குத்தான் வந்தேன், வாய்க்கு வந்தபடி திட்ட. வழியெல்லாம் வார்த்தை சேர்த்துக்கொண்டே வந்தேன்; அப்படி ஒரு வசவை இந்த ஜில்லாவே கேட்டிருக்காது. வந்து பார்த்தால் பக்கத்துக் கல்லறையில் ஒரு அம்மா ஜெபமாலை சொல்லிக்கொண்டிருந்தார்கள். என்னை நிமிர்ந்து பார்த்து, "உங்க கூட்டாளிங்களா? தங்கமான மனுசன்னு சொல்லுவாங்க. இருங்க, அவுருக்கும் சேத்து ஒண்ணு சொல்றேன்" என்றார்கள்.

துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, அவர்கள் சொல்லி முடிக்கும் வரை நின்றேன். வாய் வரை வந்ததை விழுங்கிவிட்டேன். அது இன்னும் இறங்கவில்லை, மச்சான்.