கூண்டுக்குக் கீழே

ஷார்ஜா
17.11.2006

அன்புள்ள நாகவள்ளிக்கு,

உன் மாமா எழுதிக்கொள்வது. நானும் உன் தம்பி பாண்டித்துரையும் சுகமாக இருக்கிறோம். நீயும் நம் மகள் பானுப்பிரியாவும் அங்கே சுகம்தானே. போன வெள்ளிக்கிழமை ரோலா கடைத்தெருவிலிருந்து போன் போட்டபோது கடைக்காரர் வீட்டில் கூட்டம் போல. நீ "ம்", "சரி" இரண்டையும் தவிர வேறு ஒன்றும் பேசவில்லை. இனிமேல் முக்கியமானதைக் கடிதத்திலேயே எழுதிவிடுகிறேன்.

பாண்டித்துரை வந்து மூன்று வாரம் ஆகிறது. கேம்ப்பில் எனக்கு மேல் கட்டில் அவனுக்கு. முதல் இரண்டு நாள் சாப்பாடு இறங்கவில்லை. இப்போது என் பங்கு ரொட்டியையும் சேர்த்துத் தின்கிறான்.

வேலை என்ன வேலை என்று கேட்டிருந்தாய். துபாயில் கடலோரமாக ஒரு பெரிய ஓட்டல். அதற்குள் தெப்பக்குளம் அளவுக்கு ஒரு கண்ணாடித் தொட்டி. மூன்று ஆள் ஆழம். அதில் பதினேழு சுறா வளர்க்கிறார்கள். வெள்ளைக்காரர்களும் மற்ற ஊர்க்காரர்களும் வருவார்கள். அவர்களை நாலு நாலு பேராக ஒரு இரும்புக் கூண்டுக்குள் நிறுத்தி, வாயில் காற்றுக் குழாயைக் கொடுத்து, வின்ச் மெஷினில் தொங்கவிட்டுத் தண்ணீருக்குள் இறக்குவோம். சுறா சுற்றிச் சுற்றிப் போவதைக் கால் மணி நேரம் பார்த்துவிட்டு மேலே வருவார்கள். வந்ததும் ஒருவரை ஒருவர் கட்டிப்பிடித்துக்கொள்வார்கள். சிலர் அழுவார்கள். சுறாவோடு இருந்துவிட்டு வந்தார் என்று பேர் போட்டு ஆளுக்கொரு சர்டிபிகேட் கொடுப்போம். உன் தம்பி அதைப் பார்த்துவிட்டு, "நாம சங்கு குளிக்கப் போனப்ப எவன் மச்சான் நமக்கு சர்டிபிகேட் குடுத்தான்?" என்றான். சிரித்துச் சிரித்து எனக்கு வயிறு வலித்துவிட்டது.

நாங்கள் இருவரும் காற்றுக் குழாயை வாயில் வைத்துக்கொண்டு இறங்கி, தரையையும் கண்ணாடியையும் தேய்க்கிறோம். சுறா எங்களை ஒன்றும் செய்வதில்லை. வயிறு நிறைந்த சுறா.

உன் முதுகு வலி எப்படி இருக்கிறது? தைலம் தடவுகிறாயா?

அன்புடன்,
கார்மேகம்


மண்டபம்
4.12.2006

என் அன்பு மாமாவுக்கு,

நாகவள்ளி எழுதுவது. கடிதம் கிடைத்தது. சுறாவைப் பற்றி ஒரு பக்கம் எழுதியிருக்கிறீர்கள். என்னைப் பற்றி ஒரு வரி. அந்த ஒரு வரியும் முதுகு வலியைப் பற்றி. பரவாயில்லை, தைலம் தடவுகிறேன்.

பானு பள்ளிக்கூடத்தில் எல்லோரிடமும் எங்க அப்பா சுறா வளர்க்கிறார் என்று சொல்லி வைத்திருக்கிறாள். டீச்சர் என்னைக் கூப்பிட்டு விசாரித்தார்.

கனகா உங்கள் கடிதத்தை மூன்று தடவை வாங்கிப் படித்தாள். தம்பியின் பேர் வரும் இடத்தில் மட்டும் நிற்கிறாள். கல்யாணமான மூன்றாம் மாதமே அனுப்பிவிட்டோம். சாயங்காலம் ஆனால் இங்கே வந்து உட்கார்ந்துகொள்கிறாள்.

ஒன்று கேட்பேன், கோபிக்கக் கூடாது. அவனை விசா எடுத்துக் கூப்பிட்டது நீங்கள். போகச் சொல்லி அடம் பிடித்தது நான். மேலே நின்று பார்க்கும் வேலை ஏதாவது இருந்தால் அவனை அதில் போட்டுவிட முடியாதா? சிறு வயதில் இருந்தே அவன் கையைப் பிடித்துக்கொண்டு திரிந்தவள் நான். எனக்குச் சொல்லத் தெரியவில்லை, நீங்களே புரிந்துகொள்ளுங்கள்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். காது வலி எப்படி இருக்கிறது?

உங்கள்,
நாகவள்ளி


ஷார்ஜா
12.1.2007

அன்புள்ள நாகவள்ளிக்கு,

உன் கடிதத்தைப் படித்தேன். காதில் சீழ் வருகிறது. டாக்டர் இனி ஆழத்துக்கு இறங்கவே கூடாது என்று சொல்லிவிட்டார். அதனால் சூப்பர்வைசர் உமாபதி சாரிடம் கேட்டு வின்ச் வேலைக்கு மாறிவிட்டேன். அவர் மெட்ராஸ்காரர், நம்மிடம் தமிழில்தான் பேசுவார். மேலே நின்று சுவிட்சை அமுக்கினால் கூண்டு இறங்கும், இன்னொன்றை அமுக்கினால் ஏறும். அந்த வேலைக்கு ஒரு ஆள்தான். அதை பாண்டித்துரைக்குக் கேட்டிருக்கலாம் என்று நீ நினைப்பாய். நானும் நினைத்தேன். என் காதும் சேர்ந்து நினைத்தது. கோபப்படாதே.

அவனுக்கு இப்போது புது வேலை. சுறாக்கள் தின்று கொழுத்து ஓர் ஓரமாகவே கிடக்கின்றன. கூண்டுப் பக்கம் வரவில்லை என்று கெஸ்டுகள் குறை சொல்கிறார்கள். அதனால் ஒரு ஆள் தொட்டியின் அடித்தரையில் உட்கார்ந்து இரும்புக் கம்பியால் தட்ட வேண்டும். தட்டினால் தீனி என்று சுறாவுக்குப் பழக்கியிருக்கிறோம். அவை வந்து கூடியதும் அவன் தள்ளிப் போய், மேலே வரும் கயிற்றை இரண்டு தடவை இழுப்பான். அதன் பிறகுதான் நான் கூண்டை இறக்குவேன். கீழே கூண்டு நின்றதும் அவன் பக்கத்தில் வந்து திரும்பத் தட்டி மீன் காட்டுவான். கயிறு என் கையில் இருக்கிறது நாகவள்ளி. அதற்கு மேல் என்ன வேண்டும்?

சுஐபு என்று கீழக்கரைப் பையன் ஒருவன் எங்களோடு இருக்கிறான். சுறாவுக்கு மீன் வெட்டுகிற வேலை. அவனும் உன் தம்பியும் நல்ல கூட்டு. வெள்ளிக்கிழமை மூவரும் பர் துபாய் போனோம். கோயிலுக்குள் நாங்கள் போய் வரும் வரை சுஐபு செருப்புக்குக் காவல் இருந்தான். கனகாவுக்கு பாண்டித்துரை ஒரு சேலை எடுத்திருக்கிறான். கலரைச் சொல்லக் கூடாதாம்.

அன்புடன்,
கார்மேகம்


ஷார்ஜா
20.2.2007

நாகவள்ளிக்கு,

என்ன எழுதுவது என்று தெரியாமல் நாலு தாளைக் கிழித்துவிட்டேன். பாண்டித்துரையின் பெட்டி வந்து சேர்ந்து எல்லாம் முடிந்துவிட்டது என்று போனில் சொன்னார்கள். நீ போனுக்கு வரவில்லை.

கூட வருவதற்கு லீவு கேட்டேன். கொடுக்கவில்லை.

தண்ணீருக்குள் அவனுக்கு நெஞ்சு வலி வந்துவிட்டது. தூக்கிவிட்டோம். நான்தான் முதலில் குதித்தேன். ஆஸ்பத்திரி போகும் வழியெல்லாம் அவன் தலை என் மடியில் இருந்தது. டாக்டர் பார்த்துவிட்டுக் கலாஸ், முடிந்தது என்று கையை விரித்தார். வலி ரொம்ப நேரம் இருந்திருக்காது என்றார்கள். கனகாவிடம் அதைச் சொல்.

பெட்டியோடு கம்பெனி கடிதம் ஒன்று வந்திருக்கும். இங்கே பேப்பர் வேலைக்காக எதையாவது எழுதுவார்கள். அதை யாரிடமும் கொடுத்துப் படிக்கச் சொல்ல வேண்டாம்.

பானுவைத் திட்டாதே. நீ வேளைக்குச் சாப்பிடு.

கார்மேகம்


மண்டபம்
2.5.2007

மாமாவுக்கு,

இரண்டு மாதமாக எழுதவில்லை. எழுத முடியவில்லை.

அந்தக் கம்பெனி கடிதத்தை உங்கள் சொல் வரும் முன்பே வாத்தியாரிடம் கொடுத்துவிட்டோம். பந்தலில் எல்லோரும் இருக்கும்போது அவர் சத்தமாகப் படித்துத் தமிழில் சொன்னார். வேலை இல்லாத நேரத்தில், யாரிடமும் கேட்காமல், தன் இஷ்டத்துக்குத் தொட்டிக்குள் இறங்கினான் என்று இருந்தது. சாட்சி என்று கீழே உங்கள் கையெழுத்து. இங்கிலீஷில் இருந்ததைப் படிக்காமல் போட்டிருப்பார் என்று நான்தான் எல்லோரிடமும் சொன்னேன். அன்றிலிருந்து ஊரில் ஒரு பேச்சு. குடித்துவிட்டு இறங்கினானாம். மீன் திருடப் போனானாம். கனகா தண்ணீர்க் குழாயடிக்குப் போவதை நிறுத்திவிட்டாள்.

குளிப்பாட்டும்போது அவன் தொடையில் குறுக்கே ஒரு கறுப்புத் தடம் இருந்தது. கம்பி அகலத்துக்கு. நெஞ்சு வலிக்குத் தொடையில் என்ன தடம் என்று கனகா என்னைக் கேட்டாள்.

போன வாரம் சுஐபு லீவில் வந்தவர் இங்கே வந்தார். தம்பியின் துணிப் பெட்டியையும் அந்தச் சேலையையும் கொடுத்தார். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. காப்பி கொடுத்தேன், தொடவில்லை.

"அக்கா, அவரு டூட்டிலதான் இருந்தாரு" என்றார்.

"அப்புறம் ஏன் தம்பி அப்படி எழுதியிருக்கு?" என்றேன்.

"அத மச்சான்ட்ட கேளுங்க. நான் மீன் வெட்டிக்கிட்டு இருந்தேன். எம் வாயால வந்தா நல்லாருக்காது."

கேட்கிறேன். என்ன நடந்தது?

நாகவள்ளி


ஷார்ஜா
18.5.2007

நாகவள்ளி,

இதைப் படித்த பிறகு நீ என்ன முடிவு எடுத்தாலும் நான் ஏன் என்று கேட்க மாட்டேன்.

அன்று வியாழக்கிழமை சாயங்காலம். வரிசையில் நாற்பது பேருக்கு மேல். ஒரு கூண்டு போய் வந்ததும் அடுத்த கூண்டு. உமாபதி சார் பின்னால் நின்று, "யல்லா கார்மேகம், இன்னும் என்ன பாத்துக்கிட்டு இருக்க?" என்றார். "கயிறு இழுக்கல சார்" என்றேன். "அவன் இந்நேரம் தள்ளிப் போயிருப்பான். கெஸ்டு குளிர்ல நிக்கிறாங்க. எறக்கு" என்றார்.

கயிறு என் இடது கையில் இருந்தது. அது அசையவே இல்லை. வலது கையால் சுவிட்சை அமுக்கினேன்.

அவன் தள்ளிப் போகவில்லை. கூண்டின் கால் அவன் தொடையையும் காற்றுக் குழாயையும் கயிற்றையும் சேர்த்து அழுத்திக்கொண்டது. குழாய் பாதிதான் நசுங்கியது. கொஞ்சம் காற்று வந்திருக்கிறது. அவன் கம்பியால் கூண்டைத் தட்டினான். சத்தம் மேலே கேட்டது. சுறாவைக் கூப்பிடுகிறான் என்று நினைத்தேன். சுறாவும் அப்படித்தான் நினைத்தது. பதினேழும் வந்து கூண்டைச் சுற்றின. கெஸ்டுகளுக்கு அன்றைக்கு இருந்த சந்தோஷம் போல நான் பார்த்ததில்லை.

மேலே வந்ததும் ஒரு அம்மா சிரித்துக்கொண்டே உமாபதி சாரிடம் ஏதோ சொன்னாள். "கீழ இருக்க ஆள் கை ஆட்டினானாம், நாங்களும் ஆட்டினோம்னு சொல்றாங்க" என்றார். அவர் சொல்லி முடிக்கும் முன் அவர் முகம் மாறியது. அப்போதுதான் குதித்தேன். ஒரு சுறாகூட அவனைத் தொடவில்லை.

மறுநாள் ஆபீசில் பேப்பரை வைத்தார்கள். படிக்காமல் போட்டேன் என்று நீ சொன்னது தப்பு. உமாபதி சார் வரிவரியாகத் தமிழில் சொன்னார். "இதுல போட்டா நீயும் நானும் பொழச்சோம். இல்லன்னா சுவிட்ச அமுக்கினவன்தான் ஜெயிலுக்குப் போவான். ஒம் புள்ளய நெனச்சுக்க" என்றார். நான் பானுவை நினைத்தேன். போட்டேன்.

இப்போதும் அதே வேலைதான் பார்க்கிறேன். கீழே வேறு ஆள் இருக்கிறான்.

கார்மேகம்


மண்டபம்
9.6.2007

மாமாவுக்கு,

உங்கள் கடிதத்தைக் கனகாவிடம் கொடுத்துவிட்டேன். என் முன்னால்தான் படித்தாள்.

கைதவறி நடந்திருந்தால் நான் தாங்கியிருப்பேன். இந்த உலகத்தில் யாருக்கும் தெரியாமல் உங்களோடு உட்கார்ந்து அழுதிருப்பேன். ஆனால் சுவிட்சை அமுக்கியது ஒரு நிமிடம். கையெழுத்துப் போட்டது மறுநாள். நடுவில் ஒரு ராத்திரி முழுக்க இருந்தது. செத்தவனைத் திருடன் என்றும் குடிகாரன் என்றும் இந்த ஊர் பேசுவதற்கு நீங்கள் சாட்சி போட்டிருக்கிறீர்கள். பானுவை நினைத்துப் போட்டேன் என்று எழுதியிருக்கிறீர்கள். அவள் பேரை அதில் இழுக்காதீர்கள்.

கனகா உங்கள் கடிதத்தைக் கலெக்டர் ஆபீசில் கொடுக்கப் போகிறாள். அங்கிருந்து தூதரகத்துக்குப் போகுமாம். கொடுத்தால் உங்களுக்கு என்ன ஆகும் என்று என்னைக் கேட்டாள். தெரியும், கொடு என்று நான்தான் சொன்னேன். இதை நீங்கள் வேறு யார் வாயாலும் கேட்கக் கூடாது என்பதற்காக எழுதுகிறேன்.

நானும் பானுவும் கனகா வீட்டுக்கு வந்துவிட்டோம். நம் வீட்டுச் சாவி உங்கள் அண்ணனிடம் இருக்கிறது.

படித்து முடித்ததும் கனகா அழவில்லை. "எவ்வளவு நேரம் தட்டுனாரு மதினி?" என்று மட்டும் கேட்டாள். நீங்கள் அதை எழுதவில்லை. ஒரு தாளில் அதை எழுதி அவள் பேருக்கு அனுப்புங்கள். எனக்கு இனி எழுத வேண்டாம்.

நாகவள்ளி


ஷார்ஜா
29.6.2007

தங்கச்சி கனகாவுக்கு,

கார்மேகம் எழுதுவது. சுஐபு லீவு முடிந்து வந்துவிட்டான். நாளைக் காலையில் அவனோடு போலீசுக்குப் போகிறேன். போட்ட கையெழுத்து பொய் என்று சொல்லிவிட்டு, நடந்ததைச் சொல்வேன். மீன் வெட்டும் இடத்திலிருந்து பார்த்ததை அவனும் சொல்கிறேன் என்கிறான். வேண்டாம், உன் வேலை போய்விடும் என்றேன். கேட்கவில்லை. உமாபதி சாரிடம் இன்று சொல்லிவிட்டேன். அவர் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். உள்ளே போட்டால் எத்தனை வருடம் என்று தெரியவில்லை. பாண்டித்துரை டூட்டியில்தான் இருந்தான் என்று ஒரு பேப்பர் உன் கைக்கு வரும். வாத்தியாரிடம் கொடுத்து, எல்லோரும் இருக்கும்போது படிக்கச் சொல்.

நீ கேட்டது.

கூண்டு கால் மணி நேரம் கீழே இருந்தது. முதலில் வேகமாகத் தட்டினான். பிறகு விட்டு விட்டுத் தட்டினான். எல்லாம் சேர்ந்து நாலு நிமிடம் இருக்கும். அதற்குப் பிறகு சத்தம் இல்லை. மீதி நேரம் மேலே நின்று, மாப்ள இன்றைக்கு நன்றாக வேலை செய்கிறான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

கார்மேகம்