இரண்டு பேருக்கு இறுக்கிய ஸ்பிரிங்

மார்கரீ, கேப் பிரெட்டன்
ஜூன் கடைசி

அன்பு மகள் மோரக்குக்கு, அப்பா எழுதுவது. நானும் பூனையும் ஒருவரையொருவர் சகித்துக்கொண்டு நலமாகவே இருக்கிறோம், அங்கே ஆல்பர்ட்டாவில் நீயும் வேளைக்குச் சாப்பிட்டுச் சுகமாக இருக்க மாதா துணையிருக்கட்டும். உன் அம்மா ஜாமுக்காகப் போட்ட ருபார்ப் தோட்டம் கேட்பாரில்லாமல் மண்டிக் கிடக்கிறது, டோலினா அத்தை வந்து வெட்டிக்கொண்டு போகிறாள், எனக்கு அதைப் பார்க்கவே பிடிக்கவில்லை.

பைக்கை விற்றுவிடு என்று போன தடவை போனில் சொன்னாய். விற்கவில்லை. திட்டாதே, முழுக்கப் படி. வருஷா வருஷம் போவதுபோல இந்த ஜூனிலும் லாக்லன் மாமாவும் டோலினாவும் கேபட் மலைப்பாதையைச் சுற்றிவரக் கிளம்பினார்கள், நானும் கிளம்பினேன். அம்மா இல்லாத முதல் பயணம். அம்மாவின் ஓட்ஸ் ரொட்டி டப்பாவைக்கூட எடுத்துக்கொண்டேன், உள்ளே கடையில் வாங்கிய பிஸ்கட்தான். ஷெட்டிகாம்பில் நல்லவேளையாகக் காற்று இல்லை, கடல் தட்டையாகக் கிடந்தது, எதிரே பைக்கில் வந்தவர்கள் எல்லாரும் கை தாழ்த்தி வணக்கம் சொன்னார்கள். பின்னாலிருந்து பதிலுக்குக் கையசைப்பது அம்மா வேலை, அதனால் நான் பாதிப் பேருக்குச் சொல்ல மறந்துவிட்டேன்.

இனி சொல்லப்போவதற்குத்தான் நீ திட்டுவாய். பின்சக்கர ஸ்பிரிங்கை இரண்டு பேர் எடைக்கு இறுக்கித்தான் எப்போதும் வைத்திருப்போம். தனியாக ஓட்டுபவன் அதைத் தளர்த்த வேண்டும், இல்லாவிட்டால் மேடுபள்ளத்தில் வண்டி துள்ளும், பைக் பிடித்த எவனுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். ஏப்ரலில் வண்டியை வெளியே எடுத்தபோதே ஸ்பேனரைக் கையில் எடுத்தேன், மனசு வரவில்லை, திரும்ப வைத்துவிட்டேன். மெக்கன்சி மலையிலிருந்து பிளசன்ட் பே பக்கம் இறங்கும்போது, பனியில் வெடித்து ஒட்டுப்போட்ட அந்த வளைவில் பின்சக்கரம் துள்ளித் தரையை விட்டுவிட்டது. தடுப்புக் கம்பிக்கு அந்தப் பக்கம் கடல் மட்டும்தான். எப்படி நிமிர்ந்தேன் என்று தெரியவில்லை மோரக், விழுந்தால் விழட்டும் என்றுகூட ஒரு நொடி தோன்றியது, அப்பா பொய் சொல்ல மாட்டேன். உடனே உன் முகம் வந்தது.

கீழே நிறுத்தியதும் லாக்லன் இறங்கி வந்து என் சீட்டைக் கையால் அமுக்கிப் பார்த்தான். “அட முட்டாப்பயலே, இன்னும் ரெண்டு பேருக்கா இறுக்கி வச்சிருக்க? எஃபி மேலயிருந்து பாத்தா உன் காதைத் திருகிருவா!” என்று அம்மா பேரைச் சொல்லிக் கத்தினான். டோலினா அவனை அடக்கி, “நீ சும்மா இருய்யா, அவரு அழட்டும்” என்றாள். சாலையோரத்தில் உட்கார்ந்து நன்றாகவே அழுதேன், சுற்றுலாப் பேருந்தில் போனவர்கள் எல்லாம் பார்த்தார்கள். லாக்லன் ஸ்பேனரை எடுத்தான், நானே செய்கிறேன் என்று வாங்கிக்கொண்டேன். ஸ்பிரிங் வளையத்தை ஒவ்வொரு பல்லாகத் தளர்த்தத் தளர்த்த வண்டியின் பின்பக்கம் மெல்லத் தாழ்ந்தது. அவள் ஏறி உட்காரும்போதும் அப்படித்தான் தாழும். அதன் பிறகு வடக்கு மலை ஏறி இங்கனிஷ் வரை வண்டி ஒரு குலுக்கல் இல்லாமல் போயிற்று, அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

சரி, அழாதே. உன் காருக்குக் குளிர்கால டயரைப் பனி விழுமுன்னே மாட்டு, கூடுதல் ஷிப்ட்டெல்லாம் ஒத்துக்கொண்டு உடம்பைக் கெடுத்துக்கொள்ளாதே. மாதா உன்னைக் கண்ணுக்குள் வைத்துக் காக்கட்டும். ஒன்றை மட்டும் மறக்காதே, நீ ஊருக்கு வருவதாக இருந்தால் முந்தின நாளே சொல். அம்மாவின் ஹெல்மெட் உனக்குச் சரியாக இருக்கும், நான் ஸ்பிரிங்கை இறுக்கி வைக்க வேண்டும்.

உன் வரவைப் பார்த்திருக்கும் அப்பா,
நீல்