இரண்டாவது அடி

மார்ச் 3, திங்கள்

சத்தம் வந்துவிட்டது! நான்கு மாதமாக ஊமையாகக் கிடந்த மின்சுற்றுப் பலகை இன்று காலை பதினொரு மணிக்குக் கீச்சென்றது.

முப்பது வருடப் பழைய கையடக்க விளையாட்டுக் கருவி. அதன் சிப்புக்குள் இருந்த மின்சுற்றை, கம்பிக்குக் கம்பி, புதிய சிப்புக்குள் மறுபடி கட்டியிருக்கிறேன். மென்பொருளை வைத்து அதுபோல நடிக்க வைப்பதல்ல, அதுவாகவே ஆக்குவது. பட்டனை அழுத்திய கணமே பொம்மை குதிக்க வேண்டும். குதிக்கிறது.

தங்கையின் கணவரிடம் காட்டினேன். விற்பனை, பொட்டலம் கட்டுவது, வாங்குபவர்களோடு பேசுவது எல்லாம் அவர்தான். "சூப்பர்க்கா," என்றார், போனிலிருந்து தலை தூக்காமல்.

மார்ச் 9, ஞாயிறு

ஒருவர் எழுதியிருக்கிறார்: பட்டனை அழுத்திக் கொஞ்சம் கழித்துத்தான் குதிக்கிறதாம், பணத்தைத் திருப்பித் தர வேண்டுமாம். நாம் இன்னும் ஒன்றுகூட அனுப்பவில்லையே?

மார்ச் 11, செவ்வாய்

பின்னறையில், நான் பார்த்தேயிராத கருவிகள், அட்டைப்பெட்டி நிறைய. ஒன்றைத் திறந்தேன். உள்ளே மலிவான பலகை, இலவச மென்பொருள். மேலே என் பெயர் அச்சிட்ட உறை. எண்பது பேருக்கு ஏற்கெனவே போய்விட்டதாம்.

"என் பேரப் போட்டு இதையா வித்தீங்க?"

"யாருக்குக்கா வித்தியாசம் தெரியப்போகுது? நீங்க இன்னும் ஒரு வருஷம் நோண்டுவீங்க. நான் கைகட்டி உட்காந்திருக்கணுமா?"

"எல்லாத்தையும் திரும்ப வாங்குங்க. இல்லன்னா நானே அவங்களுக்கு எழுதுவேன்."

அப்புறம் — இடது கையால் எழுதுகிறேன், கோணல் மாணலாக வருகிறது. ஈயம் உருக்கச் சூடாக இருந்த சால்டரிங் கோலை எடுத்து என் வலது முன்கையில் வைத்தார். வைத்தாரா? அழுத்தினார். முடியைப் பிடித்து மேசையில் மோதினார். முன்பல் உடைந்து பலகைமேல் விழுந்தது. பிறகு சுத்தியல். நான்கு மாத உழைப்பு, மூன்றே அடி.

மார்ச் 12, புதன்

மருத்துவமனையிலிருந்து தங்கைக்குப் போன் செய்து சொன்னேன். அவள் கேட்டாள்: "அக்கா... உன்னையுமா?"

உன்னையுமா.

ஆறு வருடம் அந்த ஆளோடு ஒரே மேசையில் டீ குடித்திருக்கிறேன். வேகாத வெயிலிலும் அவள் முழுக்கைச் சட்டை போடுவதைப் பார்த்திருக்கிறேன். பூதக்கண்ணாடி வைத்து மயிரிழைக் கம்பிகளை எண்ணுகிறவள் நான். இது மட்டும் எப்படி என் கண்ணில் படாமல் போச்சு? கண்ணிருந்தும் குருடி.

மார்ச் 14, வெள்ளி

அவளைக் கூட்டிவரப் போனேன். அவர் வெளியே போயிருக்கும் நேரம் என்று அவளே சொன்னது. போகவில்லை. அவள் கட்டி வைத்திருந்த துணிப்பெட்டியைப் பார்த்துவிட்டார்.

உள்ளே நுழைந்தபோது சுவரோடு சாய்த்து அவள் கழுத்தை நெரித்துக்கொண்டிருந்தார். அவள் முகம் நீலம். அடுப்பு மேடையில் இரும்பு வாணலி. எடுத்துத் தலையில் ஒன்று போட்டேன். சரிந்து விழுந்தார். அவள் இருமிக்கொண்டே வாசலுக்கு ஊர்ந்தாள்.

அத்தோடு விட்டிருக்கலாம்.

தரையில் கிடந்த அந்தக் கைவிரல்கள்மேல், இரண்டு கையாலும் வாணலியைத் தூக்கி, இன்னொரு அடி. எலும்பு நொறுங்கும் சத்தம். வெந்த கை எனக்கு வலிக்கவேயில்லை. நல்லா இருந்துச்சு. ஐயோ, நல்லா இருந்துச்சு.

மார்ச் 15, சனி

இன்ஸ்பெக்டர் அம்மா நல்லவர். "தங்கச்சியக் காப்பாத்த ஒரு அடி அடிச்சீங்க, அவ்வளவுதானே?" என்று அவரே வழி காட்டினார்.

"ரெண்டு."

பேனாவைக் கீழே வைத்தார். "யோசிச்சுச் சொல்லும்மா."

"ரெண்டு மேடம். ரெண்டாவது, வேணும்னே அடிச்சேன். அப்ப அவர் கீழ கிடந்தாரு."

என் மேலும் வழக்கு.

மார்ச் 30, ஞாயிறு

தங்கை என் வீட்டில்தான் இருக்கிறாள். மேல் அலமாரியில் டப்பா எடுக்கக் கையைத் தூக்கினேன். சட்டென்று முகத்தை மூடிக்கொண்டாள். என்னைப் பார்த்து. வாசலிலிருந்து அவள் எல்லாவற்றையும் பார்த்திருக்கிறாள்.

டப்பாவை எடுக்கவில்லை.

ஏப்ரல் 2, புதன்

எண்பது பேருக்கும் உண்மையை எழுதினேன். பாதிப் பேர் கிழிகிழியென்று கிழித்துவிட்டார்கள்.

அக்டோபர் 17, வெள்ளி

தீர்ப்பு. அவருக்கு நான்கு வருடம். விரல்களுக்காக எனக்கு அபராதம். ஒரு வருடம் ஒழுங்காக இருப்பதாக எழுதிக் கொடுத்திருக்கிறேன். ஒழுங்காக இருப்பேனா? தெரியவில்லை.

நவம்பர் 4, செவ்வாய்

சூடுபட்ட என் வலது கை இன்னும் நடுங்குகிறது. ஈயம் வைப்பதெல்லாம் இப்போது தங்கைதான். வெகு வேகமாகக் கற்றுக்கொண்டாள். இன்று அவசரப்பட்டு அவள் கையிலிருந்து பலகையைப் பிடுங்கிவிட்டேன்.

"இன்னும் ஆறலக்கா! எத்தன தடவ சொல்றது? அறிவிருக்கா உனக்கு?"

தெருக்கோடி வரை கேட்டிருக்கும். கத்திவிட்டு, ஓங்குகிறேனா என்று அவள் என் கையைப் பார்க்கவில்லை. பலகையைத் திரும்பப் பிடுங்கிக்கொண்டு, என்னவோ முணுமுணுத்தபடி வேலையில் குனிந்துவிட்டாள்.