திரைச்சீலைக் கடைக்கு ஒரு வலைத்தளம்

மார்ச் 3, திங்கள்

ஒரு ஜன்னலை அளக்க ஒரு மனுஷனுக்கு எவ்வளவு நேரம் ஆகும்? இவருக்கு இன்று மூன்று மணி நேரம் ஆனது. பத்து மணிக்கு டேப்பையும் ஏணியையும் எடுத்துக்கொண்டு போனவர் ஒரு மணிக்கு வந்து சேர்ந்தார். கேட்டால், "அந்த வீட்டம்மாவுக்கு வெளிச்சம் வேணுமாம், ஆனா எதிர்வீட்டுக்காரர் கண்ணுல படக்கூடாதாம். பேசித்தானே முடிவு பண்ணணும்" என்கிறார். எதிர்வீட்டுக்காரரின் பூர்வீகம் வரைக்கும் விசாரித்துக்கொண்டு வந்திருக்கிறார். நான் இங்கே தையல் மெஷின் முன்னால் கழுத்து ஒடிய உட்கார்ந்திருக்கிறேன்.

மார்ச் 5, புதன்

நாத்தனார் வந்திருந்தாள். கடைகளுக்கு வலைத்தளம் செய்து கொடுப்பதுதான் அவள் வேலை. நம் கடைக்கும் ஒன்று வேண்டும் என்று நான்தான் வரச் சொல்லியிருந்தேன்.

"அண்ணி, முதல்ல ஒண்ணு சொல்லுங்க. இப்படி ஒரு கடை இருக்குன்னு ஊருக்குத் தெரியணுமா? நெட்லயே விக்கணுமா? இல்ல, அளவெடுக்க வாங்கன்னு அவங்க நம்மளைக் கூப்பிடணுமா? மூணுக்கும் தளம் வேற வேற மாதிரி."

"விக்கணும்" என்றேன். "அளவை அவங்களே போடட்டும். நாம தைச்சு அனுப்பிடலாம்."

"அப்போ அண்ணன்?"

"கடையில உட்காரட்டும். காலம் மாறிப்போச்சு."

இவர் பக்கத்தில் துணி மடித்துக்கொண்டிருந்தார். மடித்து வைத்ததையே பிரித்துத் திரும்பவும் மடித்தார்.

மார்ச் 6, வியாழன்

காலம் மாறிப்போச்சாம். நானா பேசினேன் அப்படி? இன்னும் ரசீதைக் கையால் எழுதுகிறவள்.

இங்கேயாவது உள்ளதை எழுதலாம். போன மழைக்காலத்தில் ஒரு வீட்டில் இவர் ஏணியிலிருந்து விழுந்தார். மணிக்கட்டு முறிந்து ஆறு வாரம் மாவுக்கட்டு. "உங்க வீட்டுக்காரர் விழுந்துட்டாருங்க, கண்ணே திறக்க மாட்டேங்கிறாரு" என்று போனில் ஒரு குரல் — அது இன்னும் காதை விட்டுப் போகவில்லை. நான் ஓட்டமும் நடையுமாக ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோது, இவர் நர்ஸிடம், அந்தப் பெண் வீட்டு ஜன்னல் எந்தத் திசையைப் பார்த்து இருக்கிறது என்று கேட்டுக்கொண்டிருந்தார். மனுஷனை என்ன செய்வது?

அன்றிலிருந்து இவர் ஏணியைத் தோளில் தூக்கிப் போனால், திரும்பி வரும்வரை போனையே பார்த்துக்கொண்டிருக்கிறேன். நேராகச் சொன்னால் சிரித்தே ஊதித் தள்ளிவிடுவார். ஏறவே அவசியமில்லாமல் பண்ணிவிட்டால்? அதற்குத்தான் இந்தத் தளம்.

மார்ச் 22, சனி

தளம் வந்துவிட்டது. படத்தில் துணியைத் தொட்டால் நிறம் மாறுகிறது. நீளம், அகலம் போட இரண்டு கட்டம். கீழே, வாங்குவதைப் போட ஒரு கூடை.

"அளக்கத் தெரியாதவங்க என்ன பண்ணுவாங்க அண்ணி?" என்றாள் நாத்தனார்.

"வீட்டுல ஜன்னல் வெச்சிருக்கிறவங்களுக்கு அளக்கத் தெரியாதா?" என்றேன். பெரிய மேதாவி நான்.

ஏணி பின்னறைக்குப் போய்விட்டது. நிம்மதி.

ஏப்ரல் 2, புதன்

இந்த வாரம் ஒன்பது ஆர்டர். எனக்குத் தலைகால் புரியவில்லை.

இவர் திரை வளையங்கள் இருக்கும் டப்பாவைக் கொட்டி நிறவாரியாகப் பிரித்தார். நேற்றும் அதைத்தான் பிரித்தார்.

ஏப்ரல் 9, புதன்

மானம் போயிற்று. ஒரு அம்மா வரவேற்பறைக்கு நாலு திரை கேட்டிருந்தார்கள். கட்டத்தில் 54, 84 என்று இருந்தது. கட்டம் கேட்டது சென்டிமீட்டர், அவர்கள் போட்டது அங்குலம். நானும் இம்மி பிசகாமல் சென்டிமீட்டரிலேயே வெட்டி, அடித்துணி வைத்து, விளிம்பைக் கையால் தைத்து அனுப்பியிருக்கிறேன். இன்று போன்.

"நாலு மேஜை விரிப்பும் ரொம்ப அழகா இருக்குங்க. கர்ட்டன் எப்போ வரும்?"

இவரிடம் சொன்னேன். "பார்சல் கட்டும்போதே நினைச்சேன்" என்றார்.

"அப்பவே சொல்றதுக்கென்ன?"

"தளம் சொன்னா சரியாத்தான் இருக்கும்னு விட்டுட்டேன். காலம் மாறிப்போச்சில்ல."

வேண்டும் எனக்கு.

ஏப்ரல் 15, செவ்வாய்

இன்னும் இரண்டு திரும்பி வந்தன. ஒருவர் ஜன்னல் கண்ணாடியை மட்டும் அளந்திருக்கிறார், சட்டத்தை விட்டுவிட்டார். இன்னொருவர் ஜன்னல் மேல்விளிம்பிலிருந்து தரை வரை அளந்து அனுப்பிவிட்டு, கம்பியை அரையடி மேலே மாட்டியிருக்கிறார். திரை, வளர்ந்த பையனின் பழைய பேன்ட் மாதிரி கணுக்காலுக்கு மேலே நிற்கிறது. கம்பி எங்கே வரும் என்று இவர் போயிருந்தால் முதல் கேள்வியாகக் கேட்டிருப்பார். எதிர்வீட்டுக்காரரைப் பற்றிய கேள்விக்கு அப்புறமாவது கேட்டிருப்பார்.

ஏப்ரல் 17, வியாழன்

சண்டை. கடையைத் திறந்த கையோடு.

"ஏங்க, அந்தக் கணுக்கால் திரையைக் கொஞ்சம் பாருங்களேன்" என்றேன். அவ்வளவுதான் சொன்னேன்.

"நான் எதுக்கு? நான்தான் எதுக்கும் லாயக்கில்லையே. அதை நேரா சொல்லியிருக்கலாம். அதுக்கு ஒரு தளம் வேற."

இருபது வருஷத்தில் இந்தக் குரலில் பேசியதில்லை. சத்தமே இல்லை அதில். எனக்கும் என்ன வந்ததோ, கத்திவிட்டேன்.

"திரும்ப விழுந்து தொலைச்சீங்கன்னா நான் என்ன பண்ணுவேன்? அந்த மாதிரி போனை இன்னொரு தடவை எடுக்க என்னால முடியாது. தெரியுமா உங்களுக்கு?"

கையிலிருந்த திரை வளையத்தைக் கீழே வைத்துவிட்டு என்னையே பார்த்தார்.

"அதுவா?"

"அதேதான்."

"முன்னாடியே சொல்லியிருந்தா நாலு மேஜை விரிப்புத் துணி மிச்சமாயிருக்கும்."

அழுதுகொண்டே சிரித்தேன். வெட்கக்கேடு. அந்த நேரம் பார்த்து ஒரு வாடிக்கையாளர் வேறு உள்ளே வந்தார்.

ஏப்ரல் 19, சனி

நாத்தனாருக்குப் போன் செய்தேன். கூடையை எடுத்துவிடு, அளவெடுக்கக் கூப்பிடுகிற அந்த மூன்றாவது மாதிரியைப் போடு என்றேன். நாங்கள் தைத்த திரைகளின் படம் கொஞ்சம், போன் நம்பர், எந்த நாள் வரலாம் என்று தேதி குறிக்க ஒரு இடம். அவ்வளவு போதும்.

"மூணாவதுதானே அண்ணி? அன்னைக்கே செஞ்சு வெச்சுட்டேன். நீங்க எப்போ கேப்பீங்கன்னு பார்த்துட்டிருந்தேன்."

அண்ணனும் தங்கையும் ஒரே அச்சு. பதிலுக்கு நானும் ஒன்று செய்தேன். பக்கத்தின் கடைசியில் ஒரு வரி சேர்க்கச் சொன்னேன். இவரிடம் சொல்லாதே என்றேன்.

ஏப்ரல் 28, திங்கள்

ஆறு பேர் தேதி குறித்திருக்கிறார்கள். இவர் கண்ணாடியை மூக்கில் மாட்டிக்கொண்டு போனில் பக்கத்தை மேலிருந்து வாய்விட்டுப் படித்தார். கடைசி வரியில் நின்றார்.

"அளவெடுக்க இருவர் வருவோம். ஒருவர் ஏணியில், ஒருவர் கீழே பிடித்துக்கொண்டு." என்னை நிமிர்ந்து பார்த்தார். "யாரு அந்த இன்னொருத்தர்?"

"பழைய ஆளுதான். ரசீதைக் கையால எழுதுறவ" என்றேன்.

எழுந்து போய்ப் பின்னறையிலிருந்து ஏணியை எடுத்துவந்து, வேலை மெனக்கெட்டு ஒவ்வொரு படியாகத் துடைத்தார்.

மே 6, செவ்வாய்

மதியம்வரை கடைக்குப் பூட்டு. முதல் வீட்டுக்குப் போனோம். இவர் மேலே, நான் கீழே ஏணியைப் பிடித்தபடி. ஒரே ஒரு ஜன்னலுக்கு இரண்டரை மணி நேரம் ஆனது.

அதில் இவர் பேசியது அரை மணி நேரம்கூட இருக்காது. மீதி நேரம் கீழே நின்று பேசியது யார் என்று எழுதப்போவதில்லை.