தொட்டிக்குள் போடாத கல்

இன்று காலை தொட்டியில் அந்த நீல மீன், நீலன், மறுபடி ஆரம்பித்துவிட்டான். மஞ்சள் மீன் ஒன்றின் வாலைக் கிழித்து, அதை மேல்மூலையில் ஒண்ட வைத்திருந்தான். பல் விளக்கிக்கொண்டே பார்த்தேன். வாயைக் கொப்பளித்துவிட்டு வந்து நைட்டியின் கையைச் சுருட்டிக்கொண்டு அவனை வலையில் பிடித்து வாளியில் போட்டேன். பிறகு தொட்டிக்குள் கையை விட்டு ஒவ்வொரு கல்லாக வெளியே எடுத்தேன். கை முழுக்கப் பாசி நாற்றம். அது மூக்கில் ஏறியதும் நீ வந்து நின்றுவிட்டாய். ஷிப்ட் முடிந்து வந்தால் கம்பெனிச் சட்டையைக்கூடக் கழற்றாமல் தொட்டிக்குள் கை விடுவாயே, அந்த நாற்றம். அதே கையால்தான் என்னையும் அடிப்பாய். அடித்து முடித்த பிறகு என் கன்னத்தில் பாசி நாறும்.

உயிரோடு இருந்தவரை, ஒரே ஒரு நாள் தவிர, உன்னை "வாங்க, போங்க" என்றுதான் கூப்பிட்டேன். இப்போது 'நீ' என்றுதான் வருகிறது. செத்தவருக்கு மரியாதை கொடுக்க வேண்டும் என்பார்கள். கொடுக்கிறவர்கள் கொடுக்கட்டும்.

ஒரகடம் கூட்ரோட்டில் கண்டெய்னர் லாரி உன்னை அடித்துப்போட்டு ஒரு வருஷம் திரும்பிவிட்டது. மணிமங்கலத்தில் உன் அண்ணன் வீட்டில் திதி கொடுத்தார்கள். கூப்பிட்டார்கள், போனேன், சாப்பிட்டேன், வந்துவிட்டேன். நான் அழவில்லை என்று உன் அண்ணி பந்தியிலேயே பேசினாள். அழுகை எல்லாம் நீ இருக்கும்போதே தீர்ந்துவிட்டது என்று அவளிடம் யார் சொல்வது?

தொட்டி வந்த நாள் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. கொளத்தூரிலிருந்து குட்டியானை வண்டியில் கொண்டுவந்தாய். மூன்றடிக் கண்ணாடித் தொட்டி. பென்னலூர் வரை வழியெல்லாம் பின்னால் உட்கார்ந்து அதைக் கட்டிப்பிடித்துக்கொண்டே வந்தாயாம், டிரைவர் சிரித்துச் சிரித்துச் சொன்னார். ஸ்டாண்டின் மேல் தெர்மாகோல் போட்டு, அதன் மேல் தொட்டியை வைத்து, ரசமட்டம் வைத்துப் பார்த்து, திரும்பத் திரும்ப நகர்த்தினாய். தண்ணீர் ஊற்றினாய், பில்டரை ஓடவிட்டாய். மீன் மட்டும் விடவில்லை. வாரக்கணக்கில் வெறும் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. பக்கத்துப் போர்ஷன்காரர்கள் எட்டிப் பார்த்துவிட்டு, "இன்னாபா, தண்ணியவா வளக்குற?" என்று கிண்டலடித்தார்கள்.

நீ கோபப்படவில்லை. "தண்ணி மொதல்ல பழகணும். அவசரப்பட்டா எல்லாம் செத்துரும்" என்றாய்.

மீன் வந்த அன்று பையைப் பிரிக்காமல் அப்படியே தண்ணீரில் மிதக்கவிட்டு, உள்ளேயும் வெளியேயும் சூடு ஒன்றாகட்டும் என்று ஸ்டூல் போட்டு எதிரில் உட்கார்ந்திருந்தாய். பிறகு கொஞ்சம் கொஞ்சமாகத் தொட்டித் தண்ணீரை மொண்டு பைக்குள் விட்டாய். இந்த ஊர் போர் தண்ணீர் உப்புத் தண்ணீர், குடத்தில்கூட வெள்ளை வெள்ளையாகப் படியும். "மனுசனுக்குத்தான் இது ஆவாது, இந்த ஜாதி மீனுக்கு அமிர்தம்" என்று சந்தோஷப்பட்டாய். எனக்கு வயிறு எரிந்தது. இவ்வளவு பொறுமை இந்த ஆளிடம் இத்தனை நாள் எங்கே இருந்தது? நான் கல்யாணமாகி வந்தபோது என்னை யாரும் பையோடு மிதக்கவிடவில்லை. முதல் வாரமே அறைதான், சாம்பாரில் உப்பு அதிகம் என்று.

நம் வீட்டில் ஒரு மூலை இருந்தது. பீரோவுக்கும் சுவருக்கும் நடுவில் ஒரு ஆள் நிற்கிற இடம். முடியைப் பிடித்து அங்கேதான் தள்ளுவாய். அங்கே போய்விட்டால் ஓட வழியில்லை, குனிந்தால் முட்டி, நிமிர்ந்தால் கை. அந்தச் சுவரில் என் தலை எண்ணெய் கறையாகப் படிந்திருந்தது. பொங்கலுக்குச் சுண்ணாம்பு அடித்தபோது, "இது இன்னா கறைடி, போவவே மாட்டுது" என்று நீயே கேட்டாய். நான் உன் முகத்தைப் பார்த்தேன். உனக்கு நிஜமாகவே தெரியவில்லை.

என் கையை உடைத்ததும் அங்கேதான். தொட்டிக்கு உதவி செய்கிறேன் பேர்வழி என்று நான் பில்டர் பஞ்சை எடுத்துப் பாத்திர சோப்புப் போட்டுத் தேய்த்து, பளிச்சென்று கழுவி வைத்தேன். மறுநாள் தண்ணீர் பால் மாதிரி வெளுத்துவிட்டது. மீனெல்லாம் மேலே வந்து வாயைப் பிளந்தன, இரண்டு செத்து மிதந்தன. நீ வந்து பார்த்தாய்.

"சோப்பு போட்டியா? அந்தப் பஞ்ச தொட்டித் தண்ணியிலதான்டி அலசணும்! அந்த அழுக்குலதான்டி அதுங்க உசுரே கீது! கொன்னுட்டியேடி!"

அந்த மூலையில் என் வலது கையைப் பின்னால் முறுக்கினாய். சத்தம் கேட்டது. எனக்கு முன்னால் உனக்குக் கேட்டது, ஆனாலும் நிறுத்தவில்லை. பிறகு நீ செத்த மீன்களை வாழையிலையில் எடுத்துக்கொண்டு போய் முருங்கை மரத்தடியில் புதைத்தாய். என்னை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனது செல்வி. திருநெல்வேலியிலிருந்து வேலைக்கு வந்து பக்கத்துப் போர்ஷனில் இருந்தவள், என்னோடு ஒரே கம்பெனி பஸ்ஸில் வருகிறவள். டாக்டர் கேட்டபோது நான் பாத்ரூமில் வழுக்கி விழுந்தேன் என்றேன். செல்வி அவர் முன்னாலேயே தலையில் அடித்துக்கொண்டாள்.

கட்டுப் போட்ட கையோடு நான் உட்கார்ந்திருந்த நாட்களில்தான் நீலன் அட்டகாசம் செய்தான். குகை மாதிரி அடுக்கிய கல்லுக்குள் உட்கார்ந்துகொண்டு, கிட்டே வருகிறதையெல்லாம் துரத்திக் கடித்தான். நீ அவனைப் பிடித்து வாளியில் போட்டுவிட்டு, கற்களையெல்லாம் எடுத்து வேறு மாதிரி அடுக்கினாய். ரொம்ப நல்ல மூடில் இருந்தாய், எனக்குப் பாடம் வேறு எடுத்தாய்.

"அந்தக் குகைய தன் வூடுன்னு நெனச்சிக்கினு கீறான். அதான் கண்டத எல்லாம் அடிக்கிறான். வெளிய எடுத்துட்டு, கல்ல மாத்திப் போட்டு, கடைசியா உள்ள வுட்டா எது யாரு எடம்னு அவனுக்கே புரியாது. புதுசா வந்தவன் மாதிரி ஓரமா நிப்பான் பாரு."

"அப்பறமும் அடிச்சா?"

"மறுபடி மாத்துவோம். அதுக்கும் அடங்கலன்னா தூக்கி வெளிய போட வேண்டியதுதான். ஒருத்தனுக்காவ மீதி எல்லாம் சாவுமா?"

நீ சொன்னதுதான். ஒரு வார்த்தை நான் சேர்க்கவில்லை.

கட்டுப் பிரித்த கொஞ்ச நாளில் கம்பெனியில் உன்னை வெளியூர் பிளான்ட்டுக்கு ட்ரெய்னிங் அனுப்பினார்கள். பையைத் தூக்கிக்கொண்டு போகும்போதும், "வேளைக்குக் கொஞ்சமா தீனி போடு, பஞ்சத் தொடாத" என்று விரலை ஆட்டிவிட்டுப் போனாய். நான் தெருமுனை வரை பார்த்துக்கொண்டிருந்தேன். இன்னொரு தடவை அந்த மூலையில் விழுந்தால் நான் எழுந்திருக்கப் போவதில்லை. அது எனக்குத் தெளிவாகத் தெரிந்துவிட்டது. உள்ளே வந்து பீரோவை இழுத்தேன். நகரவில்லை.

சத்தம் கேட்டு வந்த செல்வி வாசலிலேயே கத்தினாள். "எக்கா, முறிஞ்ச கைய வச்சிக்கிட்டு என்ன வேல பாக்கிய? கோட்டி பிடிச்சிட்டா?"

நீ நீலனுக்குச் செய்ததைச் சொன்னேன். இடுப்பில் கை வைத்துக்கொண்டு கேட்டாள். "மீனுக்குச் செஞ்சா மனுசன் அடங்கிருவானாக்கும்?" என்று முணுமுணுத்தாள். ஆனாலும் துப்பட்டாவை இடுப்பில் இறுக்கிக் கட்டிக்கொண்டு பீரோவுக்குத் தோள் கொடுத்தாள்.

அன்று நாங்கள் வீட்டையே புரட்டிப் போட்டோம். பீரோ வாசல் பக்கம் போனது. கட்டில் ஜன்னலுக்குக் கீழே போனது. டிவி நின்ற இடத்தில் அரிசி டின். கடைசியில் தொட்டி. பழைய தண்ணீரைக் கொட்டாமல் குடத்திலும் வாளியிலும் பிடித்து வைத்து, மீன்களை அதிலேயே விட்டு, காலித் தொட்டியை இரண்டு பேருமாகத் தூக்கிக்கொண்டு போய் அந்த மூலையில் வைத்தோம். என் எண்ணெய்க் கறையை மறைத்துக்கொண்டு தொட்டி நின்றது. அதே தண்ணீரை ஊற்றினோம். கல்லைத் திரும்ப அடுக்கும்போது ஒரு பெரிய கருங்கல் மட்டும் எப்படி வைத்தாலும் உட்காரவில்லை. அதை ஸ்டாண்டுக்குக் கீழே தள்ளிவிட்டேன்.

செல்வி வியர்வையைத் துடைத்துக்கொண்டு சுற்றிப் பார்த்தாள். "நல்லாத்தான் இருக்கு. இனி அடிக்கணும்னாலும் மொதல்ல எடம் தேடணும்லா."

நீ திரும்பி வந்தாய். வாசலில் நின்று, "இன்னாடி இது, வூடே மாறிக் கீது?" என்றாய். நேராகத் தொட்டியிடம் போனாய். மட்டம் பார்த்தாய், மீன்களை எண்ணிப் பார்த்தாய்.

"பழைய தண்ணியதான் ஊத்துனியா?"

"ஆமா."

"எதுனா செத்துச்சா?"

"இல்லீங்க."

"பரவால்லியே" என்றாய். அத்தனை வருஷத்தில் நீ என்னைப் பாராட்டியது அந்த ஒரு தடவைதான். பிறகு சட்டையைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, எங்கே மாட்டுவது என்று தெரியாமல் கட்டில் ஓரத்தில் நின்றாய். எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது, அடுப்படிக்குள் ஓடிவிட்டேன். கொஞ்ச நாள் நீ சத்தமே போடவில்லை. செல்விகூட, "பரவாயில்ல எக்கா, மீன் சாமிதான் போங்க" என்றாள்.

ஆனால் நீயும் இடம் கண்டுபிடித்தாய். அன்று எனக்குக் கம்பெனியில் ஓவர்டைம். திரும்பும்போது கம்பெனி பஸ் சேரப்பணஞ்சேரி தாண்டி பஞ்சர். நான் படி ஏறும்போதே நீ அடுப்படி வாசலில் நின்றிருந்தாய். எவனோடு சுற்றிவிட்டு வருகிறாய் என்று ஆரம்பித்தாய். அடுப்பு மேடை விளிம்பில் என் நெற்றியை மோதினாய், திரும்ப மோதினாய். ரத்தம் கண்ணுக்குள் வழிந்தது. முடியைப் பிடித்து ஹாலுக்கு இழுத்து வந்து வயிற்றில் உதைத்தாய். நான் உருண்டுபோய்த் தொட்டி ஸ்டாண்டில் இடித்து விழுந்தேன். கைக்கு அந்தக் கருங்கல் அகப்பட்டது.

அம்மிக் குழவி கனம். அதை எப்படித் தூக்கினேனோ தெரியாது. எழுந்தேன், தலைக்கு மேலே தூக்கினேன். உன் முகத்தில் அதுவரை நான் பார்க்காத ஒரு பயம். என்னை விட்டுவிட்டுப் பாய்ந்து போய், எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, தொட்டியை இரண்டு கையாலும் கட்டிக்கொண்டாய்.

"ஐயோ, மீனுங்க உனக்கு இன்னாடி பண்ணுச்சி! என்ன இன்னா வேணா பண்ணு, அதுங்கள வுட்டுடு!"

கல் என் கையிலிருந்து நழுவித் தரையில் விழுந்து டைல்ஸ் நொறுங்கியது. நீ திரும்பவில்லை. கண்ணாடியில் கன்னத்தை வைத்து அழுதாய். எனக்காக ஒரு நாளும் அழாதவன், குழந்தை இல்லாத குறைக்குக்கூட அழாதவன், குலுங்கிக் குலுங்கி அழுதாய்.

"போடா வெளிய" என்றேன். உன்னை 'டா' போட்டது அதுதான் முதல். செல்வி துடைப்பத்தோடு வாசலில் வந்து நின்றாள், அவளுக்குப் பின்னால் தெருவே நின்றது. நீ பையை எடுத்துக்கொண்டு அண்ணன் வீட்டுக்குப் போனாய்.

மீன் தொட்டியை உடைக்கப் போன ராட்சசி என்று எனக்குப் பெயர் வைத்தீர்கள். டீக்கடையில் சொன்னாய், பஸ்ஸில் சொன்னாய், உன் அண்ணி சொந்தம் முழுக்கச் சொன்னாள். இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன். அப்புறம் ஒரு ஞாயிற்றுக்கிழமை நீ கேட்டுக்கு வெளியே வந்து நின்றாய். இளைத்திருந்தாய். உள்ளே வரட்டுமா என்று கேட்கக்கூட உனக்கு வாய் வரவில்லை.

"நீலன் நல்லா கீறானா?"

"இருக்கான்."

"நல்ல வேள, அன்னிக்கு நீ தொட்டிய ஒடைக்கல. உனக்கு நல்ல மனசு."

"வாரா வாரம் தண்ணி மாத்துறேன். போங்க" என்று கேட்டைச் சாத்தினேன். அதற்குப் பிறகு உன்னைப் பிணமாகத்தான் பார்த்தேன்.

நல்ல மனசு என்று சொன்னாய் பார், அதற்காகத்தான் இதை எழுதுகிறேன். தெரியாமலே போய்விட்டாய். தெரிந்துகொள்.

நான் அந்தக் கல்லைத் தொட்டிக்காகத் தூக்கவில்லை. அந்த மீன்கள் என்னை என்ன செய்தன? உன் மண்டைக்குத் தூக்கினேன். நீ திரும்பிக் குனிந்து கட்டிக்கொண்டபோது உன் பின்னந்தலை என் கைக்கு நேராக இருந்தது. நான் நிறுத்தவில்லை. ஓங்கித்தான் இறக்கினேன். பாதியில் வலது மணிக்கட்டு சுளீர் என்று மடங்கிக்கொண்டது, பிடி விட்டுப்போனது. கல் உன் காதை ஒட்டிக் கீழே போனது. நீ முறுக்கி உடைத்த கைதான் அன்று உன்னைக் காப்பாற்றியது. அது நல்லபடியாக இருந்திருந்தால் அன்றைக்கே நீ போயிருப்பாய், நான் ஜெயிலில் இருந்திருப்பேன், நீலனுக்குத் தீனி போட ஆள் இருந்திருக்காது.

இன்று கற்களை மாற்றி அடுக்கிவிட்டு, கடைசியாக நீலனை விட்டேன். ஒன்றும் புரியாமல் ஓரமாக நிற்கிறான். மஞ்சள் மீன் கீழே இறங்கி வந்து மேய்கிறது. நொறுங்கிய டைல்ஸை நான் மாற்றவில்லை. அந்தக் கருங்கல்லையும் தொட்டிக்குள் போடவில்லை, கட்டிலுக்குக் கீழே கை எட்டுகிற இடத்தில் கிடக்கிறது. கல் எடுத்துப் போட்டதில் மணிக்கட்டு வீங்கியிருக்கிறது. செல்வி, "தைலம் தேச்சு விடுதேன், காட்டுங்க எக்கா" என்றாள். வேண்டாம் என்றேன். வலிக்கட்டும்.