வெர்லீனின் முழங்கால்

அன்புள்ள அம்மாவுக்கு,

டெட்ராய்டில் கர்த்தர் கிருபையால் நான் சுகம். உங்கள் முழங்கால் எப்படி இருக்கிறது? இப்போது இதை நான் மட்டும் கேட்கவில்லை.

கோபப்படாதீர்கள். நான் போன் எடுக்கும் வேலை பார்க்கிற கிறிஸ்தவ ரேடியோ நிலையத்தில், காலை ஜெப விண்ணப்பங்களோடு உங்களுடையதையும் வைத்தேன். "அயோவாவில் வெர்லீன், முழங்கால், ஆபரேஷனுக்குப் பயம்" என்று பாஸ்டர் ஊருக்கே வாசித்துவிட்டார். அதிலிருந்து போன் ஓயவில்லை. எங்கள் ரேடியோவைக் கேட்கிற பஸ் டிரைவர் ஹோரஸ் தினமும் போன் செய்து கேட்கிறார்: "வெர்லீன் ஒத்துக்கிட்டாங்களா?"

"அது எங்க குடும்ப விஷயம்" என்றேன்.

"விளம்பரம் இல்லாம, நாங்க குடுக்கிற காணிக்கையில ஓடுற ரேடியோம்மா. எங்களை ஜெபம் பண்ணச் சொல்லிட்டு பதில் சொல்லலைன்னா எப்படி?"

நியாயம்தானே? அதனால் லீவு சொல்லிவிட்டேன், டிக்கெட்டும் எடுத்தாயிற்று. அடுத்த வாரம் வந்து உங்களை நானே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகிறேன்.

என் பழைய கம்பளிப் போர்வையை வெயிலில் போட்டு வையுங்கள், திரும்பும்போது வேண்டும். இந்த அறையில் குளிர் அதிகம். தூங்கும்போதும் ரேடியோவை அணைப்பதில்லை, பேச்சுக்குரல் கேட்டால் கொஞ்சம் துணையாக இருக்கிறது.

வேலைக்கு நேரமாயிற்று. ஆபரேஷன் வேண்டாம் என்றால் எனக்கு எழுதாதீர்கள். ரேடியோவின் நம்பர் கவரின் பின்னால் இருக்கிறது. ஹோரஸிடம் நீங்களே சொல்லிக்கொள்ளுங்கள்.

உங்கள் மார்லா