வெட்டாமல் விட்ட நிமிடங்கள்

மார்ச் 4, செவ்வாய்

அனுமதி கிடைத்துவிட்டது. நான் ஆராயும் கேலக்ஸியின் நடுவில் இருக்கும் கருந்துளைப் பக்கமிருந்து வரும் உயர் ஆற்றல் எக்ஸ் கதிர், போன வாரத் தரவில் இரண்டு மடங்காகியிருந்தது. அவசரம் என்று எழுதினேன். செயற்கைக்கோளையே அந்தப் பக்கம் திருப்பிவிட்டார்கள்.

அதற்காக இருதயராஜின் முறை தள்ளிப்போனது. என்னோடு ஆராய்ச்சி செய்பவன், அம்பத்தூர்க்காரன். அவனுடைய கேலக்ஸி ஞாயிறு வரைதான் தெரியும். பிறகு சூரியன் பக்கம் போய்விடும், மாதக்கணக்கில் பார்க்க முடியாது. அதற்குள் அவன் உதவித்தொகை முடிந்துவிடும். ஆனாலும் போனில், "நீ பாத்துக்கோபா, உன்னுது அவசரம்" என்றான்.

அப்பா தான் வேலை பார்க்கும் டேங்க் ஃபேக்டரி முழுக்கச் சொல்லிவிட்டார். குவார்ட்டர்ஸில் பால் வாங்கப் போனால்கூட விசாரிக்கிறார்கள்.

மார்ச் 5, புதன்

படம் போடலாமென்று அதே தரவைக் கணினியில் மறுபடி ஓட்டினேன். செயற்கைக்கோள் தென் அட்லாண்டிக் மேலே போகும்போது துகள்கள் வந்து கருவியை அடிக்கும். அந்த நிமிடங்களை வெட்டிவிட்டுத்தான் கதிரை எண்ணவேண்டும். முதல் வருஷப் பாடம். ஏதோ சோதிக்க அந்த வெட்டை எடுத்தவள், திரும்பப் போடவில்லை. இப்போது போட்டால் - இரண்டு மடங்கைக் காணோம். கேலக்ஸி எப்போதும் போலத்தான் இருக்கிறது.

ஐயோ, என்ன பண்ணி வெச்சிருக்கேன்.

மார்ச் 6, வியாழன்

யாரிடமும் சொல்லவில்லை. நிஜமாகவே பிரகாசமாகிவிடு என்று கேலக்ஸியைக் கெஞ்சுகிறேன். அந்தக் கதிர் கோடிக்கணக்கான வருஷத்துக்கு முன்னாடியே கிளம்பியாச்சு, நான் கெஞ்சி என்ன ஆகப்போகுது?

கேலக்ஸி பொங்கியது, இப்போது அடங்கிவிட்டது என்று எழுதினால் எல்லாரும் நம்புவார்கள். அவ்வளவு சுலபம். அதுதான் ரொம்ப பயமா இருக்கு.

மார்ச் 7, வெள்ளி

என் வழிகாட்டி சௌம்யா மேடத்திடம் சொல்லிவிட்டேன். செயற்கைக்கோளை உடனே விடுவிக்கச் சொல்லி எழுது, இருதயராஜிடம் நீயே சொல் என்றார்.

அம்பத்தூர் ஸ்டேஷன் வாசல் டீக்கடையில் வைத்துச் சொன்னேன். இது உனக்கு எப்போது தெரிந்தது என்று கேட்டான். புதன்கிழமை என்றேன்.

"ரெண்டு நாள் போச்சேபா. எனக்கு கீறதே ரெண்டு நாளு."

டீயை அப்படியே வைத்துவிட்டுப் போய்விட்டான்.

மார்ச் 8, சனி

செயற்கைக்கோளை அவன் கேலக்ஸி பக்கம் திருப்பினார்களா? நான் எழுதியதற்கு இன்னும் பதில் வரவில்லை.

மார்ச் 17, திங்கள்

இத்தனை நாள் பேசாத இருதயராஜிடமிருந்து மெயில். கேட்டதில் பாதி நேரம்தான் கிடைத்ததாம். ஆய்வுக்குப் போதுமா என்று இன்னும் தெரியாதாம். தரவை இணைத்திருந்தான். கீழே ஒரு வரி: "அந்த நிமிஷத்தயெல்லாம் வெட்டிட்டேன். இருந்தாலும் நீ ஒருதபா பாரு. உன்ன மாதிரி பயந்துகினு வேற எவனும் பாக்கமாட்டான்."

சரியாகத்தான் வெட்டியிருக்கிறான். பதில் அனுப்புவதற்கு முன் இன்னொரு தடவை பார்க்கிறேன்.